ரிசல்ட்டை விட அதை மறைப்பதுதான் ஆளைத் தின்கிறது

தம்பி, இறுதி ஆண்டில் இரண்டு பாடம் போனதைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறாய். மீதி முழுக்க யார் முகத்திலும் முழிக்க முடியவில்லை என்பதுதான். வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகிவிட்டாய், நண்பன் கூப்பிட்டால் எடுப்பதில்லை, வீட்டில் கேட்டால் ரிசல்ட் இன்னும் வரவில்லை என்று சமாளிக்கிறாய். சரி, பாடத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் இதைப் பேசுவோம்.

என்னிடம் வருபவர்களில் தோற்றதாலேயே வழி அடைபட்டுப் போனவர்கள் குறைவு. தோற்றதை மறைக்கப்போய் மறுகூட்டலுக்கான கடைசி நாளைக் கோட்டை விட்டவர்கள், மறுதேர்வுக்குப் பணம் கட்டாமல் இருந்துவிட்டவர்கள், வேலை தருவதாகச் சொன்ன நிறுவனத்துக்கு ஒரு தகவல்கூடச் சொல்லாமல் காணாமல் போனவர்கள்தான் அதிகம். சேரும் தேதியைத் தள்ளித் தர முடியுமா என்று ஒரு மின்னஞ்சல் போட்டிருந்தால் சிலருக்காவது கிடைத்திருக்கும்.

ஹெலன் பிளாக் லூயிஸ் என்ற உளவியலாளர் 1971-லேயே குற்ற உணர்வையும் அவமான உணர்வையும் பிரித்துக் காட்டினார். 'செய்தது தப்பு' என்று நினைப்பவனின் கவனம் செயலில் இருக்கும், அதனால் சரிசெய்யப் பார்ப்பான். 'நானே லாயக்கில்லாதவன்' என்று நினைப்பவனுக்குச் சரிசெய்ய எதுவும் தெரியாது, ஒளியத்தான் தோன்றும். நீ இப்போது இரண்டாவதில் நிற்கிறாய்.

ஊரே உன்னைத்தான் பார்க்கிறது என்ற நினைப்பும் பாதிக்கு மேல் மனப்பிரமை. தாமஸ் கிலோவிச்சும் சக ஆய்வாளர்களும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களுக்குக் கூச்சமூட்டும் படம் போட்ட டி-ஷர்ட்டை மாட்டி, மற்றவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள், கவனித்தது கால்வாசிப் பேர்தான். அதற்காக யாருமே பேச மாட்டார்கள் என்று சொல்லவில்லை, சொந்தத்தில் ஒருவர் கேட்கத்தான் செய்வார். அவருக்கு ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொள்: "ரெண்டு பாடம் போச்சு, திரும்ப எழுதப் போறேன்." அதோடு நிறுத்து. பேப்பர் கஷ்டம், திருத்தியவர் சரியில்லை என்று நீட்டினால்தான் அடுத்த கேள்வி வரும்.

வீட்டில் சொல்வதுதான் கஷ்டம், தெரியும். அம்மா அப்பாவில் யாரிடம் உனக்குப் பேச்சு சுலபமோ அவரிடம் முதலில் போ, ஆனால் இன்றைக்கே போ. மறுதேர்வு எப்போது, எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொள். "ரிசல்ட் வந்து நாளாச்சு, பயந்துபோய்ச் சொல்லாம இருந்தேன்" என்பதையும் நீயே சொல்லிவிடு, ஏனென்றால் மார்க்கை விட அந்தப் பொய்தான் அவர்களைச் சுடும். கத்துவார்கள். கத்தி முடிக்கட்டும், நடுவில் எதிர்த்துப் பேசாதே.

தன்னைத் திட்டிக்கொண்டால்தான் ரோஷம் வந்து படிப்போம் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள், பெற்றோர் உட்பட. ஜூலியானா பிரைன்ஸும் செரீனா சென்னும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில் பார்த்தது வேறு: கடினமான தேர்வில் சறுக்கியவர்களில், தங்களிடம் கொஞ்சம் கனிவாக இருக்கச் சொல்லப்பட்டவர்கள்தான் அடுத்த தேர்வுக்குக் கூடுதல் நேரம் படித்தார்கள்.

நேர்முகத் தேர்வில் இதைக் கேட்டால் மறைக்காதே, சான்றிதழைச் சரிபார்க்கும்போது எப்படியும் தெரிந்துவிடும். எப்போது போனது, எப்போது எழுதித் தேறினாய், இரண்டு வரி போதும்.

ஒன்று மட்டும். உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அப்போது தனியாக இருக்காதே, பக்கத்தில் இருப்பவரிடம் உடனே சொல், மருத்துவரைப் பார்.

வீட்டில் பேசியதும் அந்த இரண்டு பாடத்தின் பெயரையும் மார்க்கையும் எனக்கு அனுப்பு. மறுமதிப்பீடு கேட்பதா, நேராக மறுதேர்வா என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.