துருப்பிடித்த ஃபெராரி எஃப்40: மாடல் கார் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெயின்ட் பற்றித்தான். ஒரு வேண்டுகோள். கிட் (பாகங்களாக வாங்கி நாமே ஒட்டும் மாடல்) எது, ஸ்கேல் (நிஜக் காரில் எத்தனையில் ஒரு பங்கு) என்ன, பெயின்ட் லாக்கரா எனாமலா அக்ரிலிக்கா, எந்த ஊரில், எந்த மாதம் அடித்தீர்கள் என்று எழுதுங்கள். "சார், சரியா வரல, என்ன பண்ண?" என்று ஒற்றை வரி எழுதினால் நான் சோழி உருட்டித்தான் பார்க்க வேண்டும்.

ஏற்காட்டில் இருக்கிறேன். கறுப்பு பாடிக்கு கிளியர் (நிறமற்ற மேல்பூச்சு) ஸ்ப்ரே அடித்த பத்து நிமிடத்தில் வெள்ளையாகப் படர்ந்துவிட்டது. கேன் போலியா?

கேன்மேல் பழி போடாதீர்கள். ஆகஸ்டில், மாலை ஐந்து மணிக்கு, ஜன்னலைத் திறந்து வைத்து லாக்கர் அடித்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். லாக்கரில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பாடியின் மேற்பரப்பு குளிர்ந்துபோகும். காற்றில் இருக்கும் ஈரம் அதன்மேல் படிந்து, காய்ந்துகொண்டிருக்கும் படலத்துக்குள் மாட்டிக்கொள்ளும். நீங்கள் பார்க்கும் வெள்ளை அதுதான். 1,500 மீட்டர் உயரத்தில், மூட்டம் கூடத்துக்குள்ளேயே நுழைகிற ஊரில் வேறென்ன நடக்கும்?

பாடி கெட்டுப்போகவில்லை. ஒரு நாள் விட்டுவிடுங்கள். வெயில் அடிக்கிற பகலில், ரிடார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) கலந்த லெவலிங் தின்னரை ஏர்பிரஷ்ஷில் மிக மெல்லியதாக ஒரே ஒரு பாஸ் அடியுங்கள். படலம் கொஞ்சம் இளகி ஈரம் வெளியேறும், பெரும்பாலும் தெளிந்துவிடும். டீகால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் படம்) ஒட்டிய இடத்தில் இந்த வேலை வேண்டாம், டீகால் சுருண்டுவிடும். தெளியாவிட்டால் 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் லேசாகத் தேய்த்து மறுபடி கிளியர். எதைச் செய்தாலும் முதலில் பிளாஸ்டிக் ஸ்பூனில் செய்து பாருங்கள்.

இனிமேல் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டினால் லாக்கரைத் தொடாதீர்கள். அளக்கும் கருவி சில நூறு ரூபாய்தான். மழைக்காலத்தில் அவசரம் என்றால் பாடியை டப்பாவில் வைத்துக் கீழே சேலத்துக்கு எடுத்து வாருங்கள். 30 கிலோமீட்டர்தான், சொந்தக்காரர் வீட்டு மொட்டை மாடி ஒன்று இல்லாமலா போகும்!

சேலம் அம்மாப்பேட்டை. ஏப்ரலில் அடித்த சிவப்பு, உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கிறது.

மலைமேல் வெளுப்பு, அடிவாரத்தில் சொரசொரப்பு. நம் மாவட்டத்துக்கு இரண்டும் வாய்த்திருக்கிறது. 40 டிகிரி வெயிலில் பெயின்ட் துளி பாடிக்கு வந்து சேருமுன் பாதி வழியிலேயே காய்ந்துவிடுகிறது. காலை ஆறரை, ஏழு மணிக்கு அடியுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். கேனை ஓரடி தள்ளிப் பிடிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், 15 முதல் 20 சென்டிமீட்டர் போதும். இப்போது இருப்பதை நன்றாகக் காயவிட்டு 1500 பேப்பரில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, மேலே ஒரு ஈரக் கோட். பொனெட் விளிம்பு, ஃபெண்டர் முகடு ஆகிய இடங்களில் அழுத்தாதீர்கள், அங்கேதான் பெயின்ட் முதலில் தேய்ந்து பிளாஸ்டிக் தெரியும்.

எந்தப் பசை நல்லது?

எதை எதோடு ஒட்ட? பாலிஸ்டைரீனோடு (கிட்டின் பிளாஸ்டிக்) பாலிஸ்டைரீன் என்றால் எக்ஸ்ட்ரா தின் சிமெண்ட். உலோகம், ரெசின் என்றால் சூப்பர் க்ளூ. கண்ணாடி பாகம் (தெளிந்த பிளாஸ்டிக்) என்றால் ஃபெவிகால். குரோம் பாகம் என்றால் ஒட்டும் இடத்தில் குரோமைச் சுரண்டிவிட்டுப் பிறகு சிமெண்ட். நான்கு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேன்.

முன் கண்ணாடியை ஃபெவிக்விக்கில் ஒட்டினேன். மறுநாள் உள்பக்கமெல்லாம் வெள்ளைப் புகை.

மேலே உள்ள பதிலை ஒரு மாதம் முன்பே நீங்கள் படித்திருக்க வேண்டும். அந்தப் பசையின் ஆவி கண்ணாடியில் படிந்திருக்கிறது. கழற்ற முடிந்தால் கழற்றி, 2000, 3000 என்று தேய்த்து, பாலிஷ் காம்பவுண்ட் போடுங்கள். தெளிந்துவிடும். கழற்ற முடியாவிட்டால் பழைய கார் என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

பெயின்ட் கடையில் லிட்டர் கணக்கில் கிடைக்கும் என்.சி. தின்னரை மாடலுக்குப் பயன்படுத்தலாமா? விலை பத்தில் ஒரு பங்குதானே.

ஏர்பிரஷ் கழுவலாம். பாடிமேல் வேண்டாம். நிஜக் காரின் இரும்புக்குச் செய்த சரக்கு அது, பாலிஸ்டைரீனை அரித்துக் கோடு கோடாக்கிவிடும். பிரைமர் (அடிப்பூச்சு) இருக்கிறதே என்று நம்பி அடித்தவர்களின் கடிதங்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன. நம்பிக்கை இல்லையென்றால் ஒரு ஸ்பூனில் ஊற்றிப் பாருங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். லாக்கர்மேல் எனாமல் போகலாம். எனாமல்மேல் லாக்கர் போனால் சுருங்கி எழும்பும். இதற்குக் குறுக்கு வழி கிடையாது.

டிங்கர் பட்டறையில் அடிக்கிற இரண்டு பாகக் கிளியரை (ஹார்டனர் கலப்பது) வீட்டில் அடிக்கலாமா? பளபளப்பு அபாரம் என்கிறார்கள்.

பளபளப்பு அபாரம்தான். ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட், நுரையீரலுக்கு ஆகாது. மருந்துக் கடை மாஸ்க் அதற்குக் காகிதம். சரியான ரெஸ்பிரேட்டரும் வெளியேற்றும் விசிறியும் இல்லாமல், அதுவும் குழந்தைகள் தூங்குகிற வீட்டில், கூடவே கூடாது. சாதாரண லாக்கர் கிளியரை மூன்று நான்கு மெல்லிய கோட் அடித்து, இரண்டு வாரம் விட்டு பாலிஷ் போட்டால் 1/24-க்கு அதுவே அதிகம்.

பழைய கிட். அப்பா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்து அலமாரியில் வைத்தது. பிரித்தால் டயர் ரிம்முக்குள் உருகி இறங்கியிருக்கிறது. சேலத்து வெயிலா?

வெயில் வேகப்படுத்தியிருக்கும், காரணம் அதுவல்ல. வினைல் டயரை மென்மையாக்கச் சேர்க்கும் பிளாஸ்டிசைசர் மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீனைக் கரைக்கும். பழைய கிட்களில், குறிப்பாக அமெரிக்கக் கிட்களில், இது வழக்கமான நோய். ரிம்மைப் புட்டி வைத்துத் தேற்றலாம். கண்ணாடி பாகம் உருகியிருந்தால் தேற்ற முடியாது. புதுக் கிட் வாங்கியதும் டயரைத் தனி ஜிப் கவரில் போடுங்கள்.

அந்தக் கிட்டின் டீகால் மஞ்சளாகியிருந்தால் ஜன்னல் கண்ணாடியில் சில நாள் வெயில் படும்படி ஒட்டி வையுங்கள், நன்றாக வெளுக்கும். தண்ணீரில் போடுவதற்கு முன் வேண்டாத ஒரு டீகாலைப் போட்டுப் பாருங்கள். துண்டு துண்டானால் மொத்தத் தாளுக்கும் ஒரு மெல்லிய கிளியர் அடித்து, காய்ந்தபின் ஒவ்வொன்றாக வெட்டிப் பயன்படுத்துங்கள்.

அண்ணா, நான் கல்லூரி மாணவன். எஃப்40-ஐ ஏற்காடு மலைப்பாதையில் ஓடி ஓடித் தேய்ந்த காராகச் செய்தேன். படம் அனுப்பியிருக்கிறேன். நிஜ செம்மண்ணே தூவியிருக்கிறேன். துருவும் வைத்தேன். போட்டியில் நடுவர்கள் கண்டுகொள்ளவே இல்லை. ஏன்?

தம்பி, உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. உனக்கு இதைக் கற்றுக்கொடுத்த வீடியோக்கள்மேல்தான் கோபம். கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன்.

முதலில் துரு. எஃப்40-ன் கதவும் பொனெட்டும் கார்பன் ஃபைபர், கெவ்லார் சேர்ந்த கூட்டுப்பொருள். அது துருப்பிடிக்காது. நீ கதவின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குத் துரு வைத்திருக்கிறாய். இரும்பு பாடி உள்ள காரிலும் கதவு நடுவில் துரு தொடங்காது. தண்ணீர் எங்கே தேங்கும் என்று பார்: வீல் ஆர்ச்சின் உள்மடிப்பு, கதவின் அடிவிளிம்பு, கண்ணாடி ரப்பருக்குக் கீழே, இலை விழுந்து ஊறும் வைப்பர் அடிப்பள்ளம். ஏற்காட்டில் ஷெட் இல்லாமல் நிற்கும் எந்தப் பழைய ஃபியட்டையும் போய்ப் பார்த்தால் இந்த நான்கு இடமும் தெரியும். பழைய கார் என்றாலே பாடி முழுக்கப் பழுப்பு அப்புவது என்று இப்போது ஒரு வியாதி கிளம்பியிருக்கிறது. பிளாஸ்டிக் பம்பரில் துரு, அலாய் வீலில் துரு, ரப்பர் பீடிங்கில்கூடத் துரு பார்த்துவிட்டேன்.

அடுத்து நிஜ மண். எல்லாவற்றையும் 24-ஆல் வகுக்க வேண்டும் என்று எத்தனை தடவை எழுதுவது? மாடல்மேல் அரை மில்லிமீட்டர் மண்துகள் ஒட்டினால் நிஜக் காரில் அது 12 மில்லிமீட்டர் ஜல்லி. உன் கார்மேல் செம்மண் இல்லை, கல்குவாரி இருக்கிறது. செம்மண் நிறம் வேண்டுமென்றால் சாக் பேஸ்டலை வாட்டர் பேப்பரில் தேய்த்து மாவாக்கு, அல்லது மாடலுக்கென்றே விற்கிற பிக்மென்ட் (நிறப்பொடி) வாங்கு. எஸ்டேட் மண்ணேதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் அம்மியில் அரைத்து மெல்லிய துணியில் சலித்து, அதிலும் மேலாக நிற்கும் தூசியை மட்டும் எடு. (டச்-அப் பாட்டில் மெட்டாலிக் பெயின்டை வாங்கி மாடலுக்கு அடிப்பவர்களுக்கும் இதே கணக்குதான். அதில் உள்ள மினுக்குத்துகள் நிஜக் காரின் அளவுக்குச் செய்தது. 1/24-ல் அது ஜிகினா.)

மூன்றாவது, அழுக்குக்கு ஒரு வழி உண்டு. சக்கரம் வாரியடிக்கும் சேறு வீல் ஆர்ச்சுக்குப் பின்னால் விசிறி விரிக்கும். ஓடும் காரின் பின்னால் காற்று சுழன்று தூசியை இழுப்பதால் பின்பக்கம் முன்பக்கத்தைவிட அழுக்காக இருக்கும். வைப்பர் துடைத்த அரைவட்டம் சுத்தமாக இருக்கும். கதவுப் பிடியைச் சுற்றிக் கை பட்டுத் தூசி போயிருக்கும். 20 கொண்டை ஊசி வளைவில் பிரேக் பிடித்து இறங்கிய கார் என்றால் பிரேக் தூசியில் முன் வீல் பின் வீலைவிடக் கறுத்திருக்க வேண்டும், ஏனென்றால் பிரேக்கின் பெரும்பாரம் முன்னால். உன் காரில் நான்கு வீலும் ஒரே பழுப்பு. மலைப்பாதை கார் என்று நடுவர் நம்ப வேண்டிய இடம் அதுதான், அங்கே ஒரு கறுப்பு பேஸ்டல் குச்சிக்கு வேலை இருந்தது.

இன்னும் ஒன்று. சேலம் என்றால் செம்மண் மட்டும் இல்லை. மேக்னசைட் (வெள்ளைக் கனிமம்) வெட்டும் பக்கம் ஓடுகிற லாரியைப் பார், வெள்ளை பூத்துப்போய் நிற்கும். அந்த வெள்ளைத் தூசியை ஒரு லாரி மாடலில் யாராவது செய்து அனுப்புங்களேன்.

படத்தில் பாடியின் பெயின்ட் வேலை மிக நன்றாக இருக்கிறது. அதைத்தான் மண்ணைப் போட்டு மூடிவிட்டாய். ஈரத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பி.

என்ஜின் ஒயரிங் செய்ய என்ன ஒயர்? வெளிநாட்டு டீட்டெயில் செட் விலை கட்டுப்படியாகவில்லை.

நிஜ ஸ்பார்க் பிளக் ஒயர் 7, 8 மில்லிமீட்டர் கனம். 24-ஆல் வகுத்தால் 0.3. பழைய ஹெட்போன் ஒயரைப் பிரித்தால் உள்ளே கிடைக்கும். சீட் பெல்ட் ஐந்து சென்டிமீட்டர் அகலம், மாடலில் 2 மில்லிமீட்டர் ரிப்பன். ஸ்டீல் பின்னிய ஹோஸுக்கு வெள்ளிச் சரிகை நூல் இரண்டை முறுக்கிப் பாருங்கள், தறிக்காரர் யாரைக் கேட்டாலும் ஒரு முழம் சும்மாவே கொடுப்பார். சின்ன அரம், நுனி கூர்ந்த இடுக்கி, அரை மில்லிமீட்டர் டிரில் பிட் எல்லாம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்காரர்கள் வாங்கும் கடையில் கேளுங்கள். ஆன்லைனில் "ஹாபி" என்று பெயர் போட்டு விற்பதைவிட மலிவு, பல வருடம் உழைக்கும்.

குரோம் பூச்சை முழுவதும் எடுப்பது எப்படி?

பிளீச்சிங் திரவத்தில் ஊறப்போடுங்கள். மணிக்கணக்கில் அல்ல, சில சமயம் நிமிடக்கணக்கில் போய்விடும். அடியில் மினுமினுவென்று ஒரு வார்னிஷ் படலம் மிஞ்சும், அதையும் எடுக்காமல் பெயின்ட் அடிக்காதீர்கள். கையுறை போடுங்கள். அதே கிண்ணத்தில் கழிப்பறை ஆசிட் எதையும் கலந்துவிடாதீர்கள், விஷவாயு வரும்.

ஞாயிறு கண்காட்சி. சனிக்கிழமை எனாமல் அடித்தால் காயுமா?

காயாது. பிரைமரோடு கொண்டுபோய் வையுங்கள்.

அம்பாசடர் 1/24-ல் செய்ய ஆசை. ஒருவர் 3டி பிரிண்ட் எடுத்துத் தருகிறேன் என்கிறார். கவனிக்க வேண்டியது என்ன?

நல்ல ஆசை. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3-ஐ வைத்து வந்த கார், உத்தர்பாராவில் 2014 வரை செய்தார்கள். மார்க் 1-க்கும் கடைசி மாடலுக்கும் கிரில், பம்பர், விளக்கு எல்லாம் வேறு. எந்த வருடக் கார் என்று முடிவு செய்துவிட்டுப் பணம் கொடுங்கள். நிஜ நீளம் சுமார் 4.3 மீட்டர், ஆகவே உங்கள் பிரிண்ட் 18 சென்டிமீட்டர் வர வேண்டும். இரண்டு அச்சுக்கும் நடுவே பத்தேகால் சென்டிமீட்டர். அளந்து பார்த்து வாங்குங்கள். பொம்மைக் காரை ஸ்கேன் செய்துவிட்டு 1/24 என்று சொல்பவர்கள் உண்டு, அதில் கூரை உயரமும் வீலும் ஒன்றுக்கொன்று ஒட்டாது.

பிரிண்ட் ரெசின் என்பதால் பிளாஸ்டிக் சிமெண்ட் பிடிக்காது, சூப்பர் க்ளூதான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, வெயிலில் முழுவதும் இறுகவிட்டு, பிறகே தேய்க்க ஆரம்பியுங்கள். கூரையின் வளைவில் படிப்படியாக லேயர் கோடு இருக்கும், 400-ல் தொடங்கி 1000 வரை தண்ணீர் விட்டே தேயுங்கள், அந்தத் தூசி மூச்சில் போகக் கூடாது. பிரைமர் அடித்ததும் கோடு மறுபடி தெரியும். தேய்த்து மறுபடி பிரைமர், இரண்டு மூன்று சுற்று ஆகும். அரசாங்க வெள்ளை அடிப்பதாக இருந்தால் கடைசிச் சுற்றுக்கு சாம்பல் வேண்டாம், வெள்ளைப் பிரைமர் வாங்கிக்கொள்ளுங்கள்.