ஜே-1 வெய்வர்: ரெசிடென்சி முடிக்கப்போகும் மருத்துவர்களின் கேள்விகள்

அமெரிக்காவில் ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் ரெசிடென்சி, ஃபெலோஷிப் போன்ற மேற்பயிற்சி செய்யும் மருத்துவர்கள், பயிற்சி முடிந்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும். அதன் பிறகுதான் எச்-1பி என்ற வேலை விசாவோ கிரீன் கார்டோ பெற முடியும். அந்த நிபந்தனையிலிருந்து பெறும் விலக்குதான் வெய்வர். அதைப் பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே.

ஆராய்ச்சிக்காக ஜே-1ல் வந்த என் நண்பர், இந்திய அரசிடம் 'ஆட்சேபம் இல்லை' என்று கடிதம் வாங்கியே வெய்வர் பெற்றுவிட்டார். எனக்கும் அது நடக்குமா?

நடக்காது. மருத்துவப் பயிற்சிக்காக வந்தவர்களுக்கு அந்த வழியை அமெரிக்கச் சட்டமே அடைத்துவிட்டது. இந்தியாவும் மருத்துவர்களுக்கு 'நோரி' சான்றிதழ் (இந்தியா திரும்பும் கடமை இல்லை என்ற சான்று) கொடுப்பதை 2011லேயே நிறுத்திவிட்டது. இதற்காக டெல்லிக்கு அலைந்து மாதங்களை வீணாக்காதீர்கள்.

மிச்சம் இருப்பவை மூன்று. ஒன்று, நீங்கள் திரும்பினால் அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள உங்கள் துணைக்கோ குழந்தைக்கோ மிகக் கடுமையான கஷ்டம் வரும் என்று நிரூபிப்பது. உங்கள் சொந்தக் கஷ்டம் இதில் கணக்கில் வராது. இரண்டாவது, சொந்த நாட்டில் இனம், மதம், அரசியல் கருத்து காரணமாகத் துன்புறுத்தலுக்கு ஆளாவீர்கள் என்று காட்டுவது. மூன்றாவது, மருத்துவர் பற்றாக்குறை உள்ள இடத்தில் வேலை செய்ய ஒப்புக்கொண்டு, ஒரு மாநிலமோ மத்திய அமைப்போ உங்களுக்காகப் பரிந்துரைப்பது. பெரும்பாலானோருக்கு இந்த மூன்றாவதுதான் வழி.

எங்கள் மாநிலத்தில் கான்ராட் இடங்கள், அதாவது மாநிலம் பரிந்துரைக்கும் வெய்வர் இடங்கள், முடிந்துவிட்டன என்கிறார்கள். கதை முடிந்ததா?

இல்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் வருடத்துக்கு 30 இடம். அந்த வருடம் அக்டோபர் 1ல் தொடங்குகிறது. டெக்சாஸ் போன்ற பெரிய மாநிலங்களில் போட்டி அதிகம். மக்கள்தொகை குறைந்த சில மாநிலங்களில் இடம் மிஞ்சுவதும் உண்டு. 30ல் 10 வரை, பற்றாக்குறைப் பகுதிக்கு வெளியே இருந்தாலும் அந்தப் பகுதி நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவமனைகளுக்குக் கொடுக்கலாம். ஸ்பெஷலிஸ்ட்டுகள் இதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

30 என்ற கணக்குக்குள் வராத வழிகளும் இருக்கின்றன. மிசிசிப்பி, அர்கான்சா, லூசியானா உள்ளிட்ட 8 மாநிலங்களின் பகுதிகளுக்கு டெல்டா ரீஜனல் அத்தாரிட்டி என்ற மத்திய அமைப்பு பரிந்துரைக்கிறது. அதே போன்ற அப்பலேச்சியன் ரீஜனல் கமிஷன் 13 மாநிலங்களைத் தொடுகிறது. மத்திய சுகாதாரத் துறையும் முதன்மை மருத்துவம், மனநல மருத்துவம் ஆகியவற்றுக்குப் பரிந்துரைக்கும். முன்னாள் ராணுவத்தினருக்கான விஏ மருத்துவமனை என்றால் பற்றாக்குறைப் பகுதியில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை.

ஆஃபர் வந்திருக்கிறது. சம்பளம் நன்றாக இருக்கிறது. ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டீர்களே, அதற்கே பாராட்டு. இந்த வேலையை மூன்று வருடத்துக்கு நினைத்த நேரத்தில் விட்டுவிட முடியாது. அதனால் சம்பளத்தைவிட ஒப்பந்தத்தின் வாசகம் முக்கியம்.

வாரம் 40 மணி நேரம், மூன்று வருடம், வெய்வர் கிடைத்த 90 நாளுக்குள் வேலையில் சேர வேண்டும். இவை அடிப்படை. 'ஆன்-கால்' (அழைத்தால் வர வேண்டிய) நேரத்தையும் பயணத்தையும் இந்த 40ல் சேர்க்கக் கூடாது என்று பல மாநிலங்கள் சொல்கின்றன. 36 மணி நேரம் கிளினிக், மீதி ஆன்-கால் என்று எழுதியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.

அடுத்து, வேலை செய்யும் இடத்தின் முகவரி. "நிர்வாகம் தன் எந்தக் கிளைக்கும் மருத்துவரை அனுப்பலாம்" என்று ஒரு வரி பொதுவான ஒப்பந்தங்களில் சர்வசாதாரணமாக இருக்கும். மற்ற மருத்துவர்களுக்கு அது ஒன்றும் செய்யாது. உங்களுக்கு அது ஆபத்து. உங்கள் வெய்வர் குறிப்பிட்ட முகவரிகளுக்குத்தான் கிடைக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் ஆள் குறைவு என்று நகரத்துக் கிளைக்கு அனுப்பினால், அந்த நேரம் உங்கள் கணக்கில் சேராமல் போகலாம். எந்தெந்த முகவரி, எங்கே எத்தனை மணி நேரம் என்று ஒப்பந்தத்திலேயே வரட்டும்.

மூன்றாவது, வெளியேறும் விதிகள். காரணம் சொல்லாமலே நோட்டீஸ் கொடுத்து நீக்கலாம் என்ற வாசகத்தைப் பல மாநிலங்கள் ஏற்பதில்லை. பிறகு அதே ஊரில் வேறு இடத்தில் வேலை பார்க்கக் கூடாது என்ற தடையும் அப்படித்தான். நீங்கள் பாதியில் விலகினால் பெரிய தொகை கட்ட வேண்டும் என்ற விதி இருந்தால், அதன் அளவை வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த வழக்கறிஞர் உங்களுக்காக வேலை செய்பவராக இருக்கட்டும். மருத்துவமனை வைத்துக் கொடுப்பவர் மருத்துவமனையின் வழக்கறிஞர்.

சேர்ந்த ஒரு வருடத்தில் மருத்துவமனையை மூடிவிட்டால்?

மூடுவது போன்ற, உங்கள் கையில் இல்லாத காரணம் என்றால் மாறலாம். புதிய வேலையும் பற்றாக்குறைப் பகுதியில் இருக்க வேண்டும், மிச்சக் காலத்தை அங்கே முடிக்க வேண்டும். அமெரிக்கக் குடியேற்ற அமைப்பான யுஎஸ்சிஐஎஸ்ஸிடம் புதிய எச்-1பி மனுவோடு காரணத்தை ஆவணங்களால் நிரூபிக்க வேண்டும். அதனால் சம்பளப் பாக்கி, குறைக்கப்பட்ட பணி நேரம் போன்ற பிரச்சினைகள் தொடங்கும்போதே மின்னஞ்சல்களையும் சம்பளச் சீட்டுகளையும் சேமியுங்கள். மூன்று வருடம் முடியாவிட்டால் அந்தப் பழைய இரண்டு வருட நிபந்தனை திரும்பவும் வந்து நிற்கும்.

என் மனைவி ஜே-2வில் (ஜே-1 குடும்பத்தினருக்கான விசா) வேலை செய்கிறார். நான் எச்-1பிக்கு மாறினால் அவர் வேலை?

நின்றுவிடும். ஜே-2வில் வேலை அனுமதி உண்டு. எச்-1பி குடும்பத்தினருக்கான எச்-4ல் பொதுவாக இல்லை. கிரீன் கார்டுக்கான உங்களுடைய ஐ-140 மனு அங்கீகரிக்கப்பட்ட பிறகுதான் அவர் கேட்க முடியும். பல குடும்பங்களுக்கு இது பெரிய அடி, முன்கூட்டியே பேசி வையுங்கள்.

அதனாலேயே மருத்துவர்களுக்கான தேசிய நலன் வழியில் ஐ-140ஐச் சீக்கிரம் போடச் சொல்கிறேன். பற்றாக்குறைப் பகுதியிலோ விஏவிலோ மொத்தம் ஐந்து வருடம் வேலை செய்ய வேண்டும். வெய்வருக்காகச் செய்யும் மூன்று வருடமும் அதில் சேரும். தொழிலாளர் சான்றிதழ் தேவையில்லை. இந்தியர்களுக்கான ஈபி-2 (இந்தப் பிரிவின் கிரீன் கார்டு) வரிசை மட்டும் இதனால் குறையாது.

ஜூன் மாதம் ஊரில் தங்கை கல்யாணம். எச்-1பி மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. போய் வரலாமா?

போகாதீர்கள். மனு முடிவாகும் முன் வெளியேறினால், நாட்டுக்குள்ளேயே ஜே-1லிருந்து எச்-1பிக்கு மாறும் கோரிக்கையைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். 2025 செப்டம்பரில் எச்-1பிக்கு வந்த 1,00,000 டாலர் கட்டணம், உள்ளே இருந்தபடி மாறுபவர்களுக்குப் பொருந்தாது என்று யுஎஸ்சிஐஎஸ் அக்டோபரில் தெளிவுபடுத்தியது. வெளியே போய்விட்டால் அந்தப் பாதுகாப்பும் போய்விடலாம். மனு அங்கீகாரமான பிறகு போனாலும், திரும்ப எச்-1பி விசா முத்திரை வேண்டும். சென்னைத் துணைத் தூதரகத்தில் தேதி கிடைப்பது தாமதமானால், வேலையில் சேர வேண்டிய நாள் தாண்டிப்போகும். கிளம்பும் முன் முதலாளியிடமும் வழக்கறிஞரிடமும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.