பல்லியும் பள்ளியும்

அன்புள்ள ஐயா,

கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தமிழ் மீடியம் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் ஒரு வரிகூடத் தமிழில் எழுதுவதில்லை. வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறார்கள், இல்லாவிட்டால் ஆங்கில எழுத்தில் தமிழ். நேற்று ஒருவன் அனுப்பியதைப் பல்லி என்றும் படிக்கலாம், பள்ளி என்றும் படிக்கலாம். போனும் கணினியும் தமிழ் எழுத்தை அழித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. பிள்ளைகளை அவற்றிலிருந்து விலக்கி வைப்பதுதான் வழியா?

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

உங்கள் பயம் நியாயமானது. ஆனால் வாய்ஸ் மெசேஜ் மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் உங்கள் பக்கம்தான், வேலந்தாவளத்துக்காரன். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அண்ணன் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போன பிறகு இன்லேண்ட் லெட்டர் வரும், நான் வாசித்துக் காட்டுவேன். அம்மா சொல்லச் சொல்ல பதிலும் நான்தான் எழுதுவேன். பாதியில் நிறுத்தி, "அத எழுத வேண்டாம், நேர்ல வந்தா சொல்லிக்கறேன்" என்பாள். பத்து வயதுப் பையன் காதில் விழக்கூடாத விஷயங்கள் அவளுக்கு இருந்தன. இப்போது போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அண்ணனிடம் நேராகப் பேசுகிறாள். நடுவில் நான் இல்லை. இது எவ்வளவு பெரிய விடுதலை!

படிக்கிற பிள்ளையின் கதை வேறு. எழுதினால்தான் சொன்னதைத் திரும்பப் பார்த்து, அடித்து, திருத்த முடியும். அதைப் பழக்க வேண்டிய இடம் பள்ளிக்கூடம். அதனால் விலக்கி வைக்காதீர்கள், தமிழ் விசைப்பலகை முன்னால் உட்கார வையுங்கள்.

ஆங்கில எழுத்தில் ல, ள இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். நம் ஊரில் குழப்பம் இன்னும் ஒரு படி கூடுதல், மலையாளத்தில் பள்ளி என்றால் மசூதி அல்லது சர்ச். இத்தனைக்கும் நம் பிள்ளைகளின் காது ல, ள, ழ மூன்றையும் இரண்டு மொழிகளிலும் கேட்டு வளர்ந்தது. வாய்க்குத் தெரிந்தது விரலுக்கு வராமல் போகிறது.

1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி தமிழ்99 என்ற விசைப்பலகை வந்தது. உயிர் எழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். கையால் 'கெ' எழுதும்போது கொம்பை முதலில் போடுகிறோம். தமிழ்99இல் க, பிறகு எ. அதாவது ஒலிக்கிற வரிசை. மெய்யும் உயிரும் சேர்ந்தால் உயிர்மெய் என்று நீங்கள் போர்டில் எழுதிப் போடுவதைப் பிள்ளையின் விரல் செய்து பார்க்கிறது. அப்புறம், ங அடித்து க அடித்தால் புள்ளி தானாக விழும். ந, த அடித்தால் 'ந்த'. இன எழுத்து என்று மனப்பாடம் செய்தது திரையில் நடக்கிறது. முதல் தடவை பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

கருவி எழுத்தை அழிக்கும் என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி உண்டு. டைப்ரைட்டருக்கும் அச்சுக்கும் வசதியாக 1971இல் மலையாளக் கூட்டெழுத்துகள் பலவற்றைப் பிரித்துப்போட்டார்கள். ஆனால் கணினி வந்த பிறகு, பழைய வடிவம் வேண்டும் என்று சிலர் விடாமல் உழைத்து, 1999இல் ரசனா எழுத்துருவைக் கொண்டுவந்தார்கள். டைப்ரைட்டரில் ஏறாத கூட்டெழுத்துகள் கணினியில் ஏறிவிட்டன. வேண்டும் என்று கேட்க ஆள் இருந்ததால் நடந்தது அது. தமிழுக்கு அந்த ஆள் நீங்கள்தான் டீச்சர்.

சரி, எங்கே தொடங்குவது? கேரளப் பள்ளி லேபுகளில் இருப்பது லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம். அதில் தமிழ்99 சேர்க்கக் காசு வேண்டாம், லேப் பார்க்கிற ஆசிரியரிடம் சொன்னால் போதும். முதல் நாள் பாடம் எதுவும் வேண்டாம். பல்லி என்று அனுப்பிய அந்தப் பையனையே கூப்பிட்டு, ப, ங, க, உ என்று நாலு விசை அடிக்கச் சொல்லுங்கள். 'பங்கு' வரும். அப்போது அவன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்