கோல் அடித்துப் பெயர் வாங்கிய ஸ்ட்ரைக்கர்களில் பயிற்சியாளராகவும் ஜெயித்தவர் என்று ஆசியாவில் யாரைச் சொல்வீர்கள்?

தென்கொரியாவின் ஹ்வாங் சன்-ஹோங். யோசிக்காமல் சொல்வேன்.

2002 உலகக் கோப்பை என்றாலே இத்தாலிக்கு எதிராக ஆன் ஜுங்-ஹ்வான் தலையால் முட்டிய கோலைத்தான் பேசுவார்கள். கொரியா அரையிறுதி வரை போன அந்த ஓட்டத்தைத் தொடங்கி வைத்தவர் ஹ்வாங். ஜூன் 4, பூசான், போலந்துடன் முதல் ஆட்டம். 26-வது நிமிடத்தில் இடப்பக்கமிருந்து லீ உல்-யோங் போட்ட பந்தை, தரையில் விழவிடாமல் இடது காலால் வலைக்குள் தள்ளினார். ஆட்டம் 2-0. 1954-லிருந்து உலகக் கோப்பைக்குப் போய்வந்த கொரியாவுக்கு அங்கே கிடைத்த முதல் வெற்றி அதுதான்.

அதற்கு முன்னால் பட்டது கொஞ்சமா? 1994-ல் பொலிவியாவுடன் வாய்ப்புகளைத் தவறவிட்டார், 0-0. நாடே திட்டியது. ஜெர்மனிக்கு எதிராக அடித்த கோலும் அவரைக் காப்பாற்றவில்லை. 1998-ல் உலகக் கோப்பைக்குச் சற்று முன் சீனாவுடன் நட்பு ஆட்டத்தில் காயம். பிரான்ஸில் ஒரு நிமிடம்கூட இறங்க முடியவில்லை. மறுவருடமே ஜப்பானில் செரெசோ ஒசாகா கிளப்புக்கு 24 கோல் அடித்து, அந்நாட்டின் ஜே லீக்கின் டாப் ஸ்கோரர் ஆனார்.

பயிற்சியாளராக அவர் செய்ததில் எனக்கு மிகப் பிடித்தது 2013 போஹாங் ஸ்டீலர்ஸ். மற்ற அணிகள் பிரேசில்காரர்களை நம்பி கோல் தேடிய கொரிய லீக்கில், ஒரு வெளிநாட்டு வீரர்கூட இல்லாமல் ஆடினார்கள். குட்டிக் குட்டிப் பாஸ்களாகவே முன்னேறும் ஆட்டம். ஸ்பெயினின் குட்டிப் பாஸ் ஆட்டத்துக்கு 'டிக்கி-டாக்கா' என்று பெயர்; இது எஃகு ஊர் அணி என்பதால் 'ஸ்டீல்டாக்கா' என்றே பெயர் வந்தது. கடைசி நாள் உல்சானை அவர்கள் மைதானத்திலேயே வென்றாக வேண்டும். உல்சானுக்கு டிரா போதும். கூடுதல் நேரத்தில், 95-வது நிமிடத்தில், கோல் முன்னால் நடந்த தள்ளுமுள்ளில் பந்தை உள்ளே தள்ளியவர் டிஃபெண்டர் கிம் வோன்-இல். லீக் பட்டம், எஃப்.ஏ. கோப்பை இரண்டும் அந்த ஆண்டு போஹாங்குக்கே. நாட்டுக்காக 50 கோல் அடித்த ஒருவர், ஸ்டார் ஸ்ட்ரைக்கரை நம்பாத அணியை வைத்து இதைச் சாதித்தார் என்பதுதான் என்னை அசத்துகிறது.

2016-ல் பாதி சீசனில் எஃப்.சி. சோல் பொறுப்பேற்று அங்கேயும் பட்டம். 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம்.

சறுக்கலும் உண்டு. 2024 ஏப்ரலில், ஒலிம்பிக் தகுதிப் போட்டியாகவும் இருந்த ஆசியக் கோப்பையில், அவருடைய 23 வயதுக்குட்பட்டோர் அணி இந்தோனேசியாவிடம் பெனால்டியில் தோற்றது. 40 ஆண்டுகளில் முதல்முறையாகக் கொரியா ஒலிம்பிக் கால்பந்துக்குப் போகவில்லை. அவரும் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறியிருந்தார். விழுந்த விமர்சனம் நியாயமானதே. ஆனால் இரண்டே மாதத்தில், 2020-ல் தான் பயிற்சியாளராக இருந்து பாதியில் விலகிய அதே டேஜியோன் அணிக்குத் திரும்பி, கீழ் டிவிஷனுக்குச் சரிய இருந்ததைத் தூக்கி நிறுத்தினார். 2025-ல் லீக்கில் டேஜியோனுக்கு இரண்டாம் இடம்.