கேள்வி பதில்: அணுக்கழிவும் நிலத்தடி நீரும்

கேள்வி: ஜியாலஜி கடைசி வருஷம் படிக்கிறேன். நிலத்தடி நீர் மாசு, அணுக்கழிவு பத்தி ஆராய்ச்சி பண்ற ஹைட்ரோஜியாலஜிஸ்ட் ஆகணும்னு ஆசை. ஆனா வாழ்நாள் பூரா கம்ப்யூட்டர்ல மாடல் ஓட்டிட்டுதான் இருக்கணும்னு சீனியர் ஒருத்தர் சொல்றார். அப்படியா?

பதில்: பாதி சரி. மாடல் ஓட்டணும்தான், ஆனா மொத சில வருஷம் துளை போடற ரிக் மெஷின் பக்கத்துலதான் நிப்பீங்க, கண்காணிப்பு போர்வெல் போடறது, நீர்மட்டம் அளக்கறது, குழாய்ல தேங்கின பழைய தண்ணிய பம்ப் பண்ணி வெளியேத்திட்டு பிஎச்சும் மின்கடத்துதிறனும் ஒரே அளவுல நிக்கற வரைக்கும் காத்திருந்து அப்புறம் சாம்பிள் எடுக்கறது, இப்படி. இதுல தப்பு பண்ணிட்டா எந்த மாடலும் காப்பாத்தாது.

இந்தத் துறைல ருசியான விஷயமே, ஒரே தண்ணில போனாலும் அணுக்கழிவுல இருக்கற ஒவ்வொரு கதிரியக்கப் பொருளும் ஒவ்வொரு வேகத்துல போகும்ங்கறதுதான். டிரிட்டியம்ங்கற கதிரியக்க ஹைட்ரஜன் தண்ணி மூலக்கூறுலயே சேர்ந்துடும், அதனால தண்ணியோட வேகத்துலயே ஓடும், நல்லவேளை அரை ஆயுள், அதாவது அது பாதியா குறையற காலம், 12.3 வருஷம்தான். சீசியம்-137க்கு 30 வருஷம், அது களிமண்ணைக் கண்டா ஒட்டிக்கும். டெக்னீஷியம்-99, அயோடின்-129 ரெண்டும்தான் படுத்தும். நெகட்டிவ் சார்ஜோட கரைஞ்சு போறதால களிமண் பிடிச்சு வைக்காது, அரை ஆயுளோ ஒண்ணுக்கு 2 லட்சம் வருஷத்துக்கு மேல, இன்னொண்ணுக்கு ஒண்ணரை கோடி வருஷத்துக்கு மேல. ஊரே புளூட்டோனியத்துக்குப் பயப்படும்போது, ஆழத்துல கழிவைப் புதைக்கறதுக்குக் கணக்கு போடறவங்க இந்த ரெண்டைப் பாத்துதான் அதிகம் கவலைப்படுவாங்க.

அதுக்காக புளூட்டோனியத்தையும் லேசா எடுத்துக்க முடியாது. அது பாறைல ஒட்டிக்கும், நகராதுன்னுதான் ரொம்ப நாள் நெனச்சிட்டிருந்தாங்க. அமெரிக்காவுல நெவாடால 1968ல பென்ஹாம்னு ஒரு அணுகுண்டை நிலத்தடியில வெடிச்சு சோதிச்சாங்க, அங்கேர்ந்து 1.3 கிலோமீட்டர் தள்ளி இருந்த நிலத்தடி நீர்ல அதே சோதனையோட புளூட்டோனியம் இருந்ததா 1999ல ஆய்வு வெளியாச்சு. அளவு ரொம்ப கம்மி, ஆனா ஐசோடோப் விகிதம், அதாவது புளூட்டோனியத்தோட வேற வேற எடையுள்ள வகைகள் கலந்திருந்த விகிதம், அந்தச் சோதனையோட அப்படியே பொருந்திச்சு. எப்படிப் போச்சுன்னா, கரைஞ்சு போகல, மைக்ரானை விடச் சின்ன கொலாய்டு துகள்கள்ல ஒட்டிக்கிட்டுப் போயிருக்கு. வேற வேற துளை அளவுள்ள ஃபில்டர்ல வரிசையா வடிகட்டிப் பாத்ததாலதான் இது தெரிஞ்சது. எந்த ஃபில்டர் போடறோம்ங்கறதப் பொறுத்து என்ன கண்ணுல படும், என்ன மறைஞ்சு போகும்ங்கறதே மாறிடும் பாருங்க, அதான் ஃபீல்டு வேலையை இவ்ளோ அழுத்திச் சொல்றேன்.

வேலைன்னு பாத்தா அணுக்கழிவு சின்ன வட்டம்தான். பெட்ரோல் டேங்க் கசிவு, நைட்ரேட், குப்பைமேட்டுலேர்ந்து ஊர்ற தண்ணி, ஆலைக்கழிவு, இதுலதான் வாய்ப்பு அதிகம், ஆனா நீரோட்டக் கணக்கு எல்லாத்துக்கும் ஒண்ணுதான், 1856ல டார்சிங்கற பிரெஞ்சு இன்ஜினியர் மணல் குழாய்ல தண்ணி விட்டுப் பாத்துச் சொன்ன அதே விதி. அதனால அங்க ஆரம்பிச்சாலும் படிச்சது வீணாகாது. மேல் படிப்புல கெமிஸ்ட்ரிய மட்டும் விட்றாதீங்க, ஜியாலஜி பசங்க நிறைய பேர் அங்கதான் சறுக்கறாங்க. லீவுல ஏதாவது ரேடியோகெமிஸ்ட்ரி லேப்ல சேர இடம் கிடைச்சா போங்க, போனதும் சாம்பிள் எடுத்தவரோட ஃபீல்டு நோட்டைக் கேட்டு வாங்கிப் படிங்க.