கிரேடிங் சான்றிதழ் வந்துவிட்டது, தண்ணீர் சுவரோரம் நிற்கிறது

கேள்வி: ஒன்ராறியோவில் டர்ஹம் பகுதியில் புதிய வீடு வாங்கி, 2025 ஜனவரி 17இல் திறப்பை எடுத்தோம். பனிக்காலம் என்பதால் வெளிவேலை ஜூனில்தான் நடந்தது. மண் நிரவிப் புல் விரித்தார்கள். ஒக்டோபர் மழையிலிருந்து பக்கச் சுவரோரம் தண்ணீர் இரண்டு நாள் நிற்கிறது. பேஸ்மென்ற் மூலையில் சுவர் ஈரமாக இருக்கிறது. பில்டரிடம் கேட்டால், "ஓகஸ்ட்டிலேயே நகரசபை கிரேடிங் (தண்ணீர் வடியும்படி மண்மட்டச் சரிவு) சான்றிதழை ஏற்றுவிட்டது, மண் இறங்குவது உத்தரவாதத்தில் வராது" என்கிறார்கள். ஒரு லோட் மண் போட்டுத் தருவார்களாம், அதற்கு முன் ஒரு கடிதத்தில் கையெழுத்து வேண்டுமாம். பக்கத்து வீட்டுக்காரர் வேறு, இரு வீட்டுக்கும் நடுவிலுள்ள தண்ணீர்ப் பாதையில் இன்ரர்லொக் கல் பதித்திருக்கிறார். இப்போது நவம்பர். என்ன செய்யலாம்?

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். ஒன்ராறியோவில் புதிய வீட்டு உத்தரவாதத்தை நிர்வகிக்கும் டாரியன் அமைப்புக்கு, ஜனவரி 17 வருமுன் முதலாம் ஆண்டுக் குறைகளைப் பதியும் ஆண்டிறுதிப் படிவத்தை அனுப்பிவிடுங்கள். மற்றதெல்லாம் இந்த இரண்டுக்கும் பிறகுதான். சலுகை நாட்கள் சில உண்டு என்று யாராவது சொன்னாலும் அதை நம்பி இருக்க வேண்டாம்.

பில்டர் காட்டும் சான்றிதழ் என்னவென்று பார்ப்போம். ஒவ்வொரு காணிக்கும் நகரசபை அனுமதித்த ஒரு கிரேடிங் வரைபடம் இருக்கும். காணி மூலைகள், வீட்டைச் சுற்றியுள்ள இடங்கள், ஸ்வேல் எனப்படும் ஆழமற்ற புல் வாய்க்காலின் மேடும் முடிவும், பின்வளவில் இருந்தால் கேட்ச் பேசின் எனப்படும் மழைநீர் வடிகால் தொட்டியின் மூடி என்று குறித்த புள்ளிகளில் மண்மட்டம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். வேலை முடிந்ததும் ஒரு பொறியியலாளரோ ஒன்ராறியோ நில அளவையாளரோ அதே புள்ளிகளை அளந்து, வரைபடத்தோடு ஒத்துப்போகிறது என்று நகரசபைக்கு உறுதி கூறுகிறார். அந்த உறுதி அளந்த நாளுக்கும் அளந்த புள்ளிகளுக்கும் உரியது. பதினைந்து மீற்றர் இடைவெளியில் இரண்டு புள்ளிகள் சரியாக இருந்து, நடுவில் ஐந்து சென்ரிமீற்றர் பள்ளம் விழுந்திருந்தால் அது தாளில் தெரியாது. ஓகஸ்ட்டுக்குப் பிறகு இறங்கிய மண்ணும் தெரியாது. உங்கள் வீட்டின் உத்தரவாதம் இந்தத் தாளிலிருந்து பிறக்கவும் இல்லை, இதனால் முடியவும் இல்லை.

மண் ஏன் இறங்குகிறது? பேஸ்மென்ற் சுவர் எழுப்புவதற்காக வீட்டைச் சுற்றி வெட்டிய குழியைத் தோண்டிய மண்ணாலேயே நிரப்புகிறார்கள். பனிக்காலத்தில் நிரப்பினால் அது உறைந்த களிமண் கட்டிகளாக இருக்கும், கட்டிகளுக்கிடையே வெற்றிடம் இருக்கும். உறைவு விட்டு இரண்டு மூன்று பெருமழை பெய்ததும் அந்த வெற்றிடம் மூடி, சுவரோரம் ஒரு தொட்டிபோல் தாழ்ந்துவிடுகிறது. உங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கலாம்.

பில்டர் சொன்னதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. ஒன்ராறியோ புதிய வீட்டு உத்தரவாதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, கட்டடத்தைச் சுற்றிய நிலம் தாழ்வதை உத்தரவாதத்திலிருந்து விலக்குகிறது. ஆனால் அதே பிரிவு, ஒன்ராறியோ கட்டடக் கோவையை மீறாமல் வீடு கட்டப்பட்டிருக்க வேண்டும் என்ற ஓராண்டு உத்தரவாதத்தையும் தருகிறது. அந்தக் கோவையின் 9.12.3.2 சொல்வது: நிரப்பிய மண், இறங்கிய பின்பும் தண்ணீர் அத்திவாரத்தை நோக்கி ஓடாதபடி சரிவு பெற்றிருக்க வேண்டும். மண் இறங்கும் என்று தெரிந்தே எழுதிய விதி இது. 9.14.6.1 இன்னும் தெளிவானது: கட்டடத்தின் அருகே தண்ணீர் தேங்கக்கூடாது, அயல் காணிகளுக்குக் கெடுதி செய்யவும் கூடாது. ஆகவே படிவத்தில் "மண் இறங்கிவிட்டது" என்று எழுதினால் விலக்குப் பிரிவை நீங்களே பில்டர் கையில் கொடுக்கிறீர்கள். "தரை அத்திவாரத்தை நோக்கிச் சரிகிறது, தண்ணீர் சுவரோரம் தேங்குகிறது" என்று எழுதி, இந்த இரண்டு விதி எண்களையும் குறிப்பிடுங்கள்.

ஒரே வரியில் "வடிகால் சரியில்லை" என்று முடித்துவிடாதீர்கள். சுவரோரச் சரிவு, ஸ்வேலில் தேங்கும் தண்ணீர், பேஸ்மென்ற் சுவரின் ஈரம் ஆகிய மூன்றையும் தனித்தனிக் குறைகளாக, எந்தப் பக்கம், எந்த மூலை என்பதோடு எழுதுங்கள். பேஸ்மென்ற் சுவர் அல்லது அத்திவாரச் சுவர் வழியாகத் தண்ணீர் நுழைவதற்கு இரண்டு வருட உத்தரவாதம் உண்டு. ஆனாலும் அதை இப்போதே பதிந்து வையுங்கள், இரண்டாம் ஆண்டுப் படிவத்திலும் திரும்ப எழுதுங்கள். அது வெறும் காற்றீரம் என்பார்கள். ஒரு தெளிவான பிளாஸ்ரிக் தாளை நாலு பக்கமும் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். அறைப்பக்கம் நனைந்தால் காற்றீரம், தாளுக்குப் பின்னால் சுவர்ப்பக்கம் நனைந்தால் ஈரம் சுவர் வழியே வருகிறது. இரண்டையும் படம் எடுங்கள்.

வெளியிலும் அளவு தேவை. வரைபடங்களில் வளவுச் சரிவு வழக்கமாக 2 முதல் 5 சதவீதம் இருக்கும். 2 சதவீதம் என்றால் மீற்றருக்கு இரண்டு சென்ரிமீற்றர். இரண்டு மீற்றர் நேர்ப்பலகையின் ஒரு நுனியைச் சுவரடித் தரையில் வைத்து, மட்டம் காட்டும் குமிழ் நடுவுக்கு வரும்வரை மறு நுனியை உயர்த்துங்கள். அந்த நுனிக்குக் கீழே நாலு சென்ரிமீற்றர் இடைவெளி வேண்டும். சுவர் நுனியைத்தான் உயர்த்த வேண்டியிருந்தால் சரிவு வீட்டுப் பக்கம் போகிறது. ஒவ்வொரு சுவரிலும் நாலு இடத்தில் பார்த்து, அளவுகோலோடு படம் எடுங்கள். மழை விட்ட நேரம், 24 மணி, 48 மணி கழித்து எடுத்த படங்கள் தேங்கலுக்குச் சான்று. பீலிக்குழாய் தண்ணீரைச் சுவரடியிலேயே கொட்டுகிறதா, அத்திவாரச் சுவர் தரைக்கு மேல் 150 மில்லிமீற்றராவது தெரிகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒரு லோட் மண்ணில் எனக்கு நம்பிக்கையில்லை. புல்லின் மேல் மேல்மண்ணைக் கொட்டினால் தண்ணீர் அதற்குள் இறங்கி, அடியில் இருக்கும் பழைய பள்ளத்தில்தான் போய் நிற்கும். புல்லை எடுத்து, களிமண்ணை அடுக்கடுக்காக இறுக்கிச் சரிவு கொடுத்து, அதன்மேல் மேல்மண் போட்டு மீண்டும் புல் விரிப்பதுதான் திருத்தம். ஸ்வேலையும் சேர்த்துத் திருத்தாவிட்டால் தண்ணீர் அயல் காணிக்குப் போய்விடும். நீங்களாக மண் போடவும் வேண்டாம். சான்று மறைந்துவிடும், உரிமையாளர் செய்த மாற்றம் என்று விலக்குக் கேட்கவும் இடம் கொடுக்கும்.

கடிதத்தில் "கிரேடிங்கை முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன்", "இனிக் கோரிக்கை இல்லை" என்பதுபோல் ஏதேனும் இருக்கும். 13ஆம் பிரிவின்படி, எந்த ஒப்பந்தத்தாலும் விட்டுக்கொடுப்பாலும் சட்ட உத்தரவாதம் போகாது. ஆனால் அதற்கு வெளியே உள்ள உங்கள் வழக்குரிமை போகலாம், அதைவிட அந்தக் கையெழுத்தே உங்களுக்கெதிரான சாட்சியாகும். வேலை செய்ய வருவதானால் நிபந்தனை இல்லாமல் வரட்டும். கொள்வனவு ஒப்பந்தத்தில் கிரேடிங் திருத்தத்துக்காகத் திரும்ப உள்ளே வரும் உரிமையைப் பில்டர்கள் பெரும்பாலும் எழுதி வைத்திருப்பார்கள். உங்களுடையதில் அது இருந்தால், வருவதற்குத் தனிக் கையெழுத்து எதற்கு?

படிவம் போனதும் பில்டருக்குத் திருத்தக் காலம் கிடைக்கும். அதற்குள் திருத்தாவிட்டால் டாரியனின் சமரச ஆய்வை நீங்கள்தான் கேட்க வேண்டும், அந்த அவகாசம் குறுகியது. கடைசித் திகதி உங்கள் இணையக் கணக்கில் இருக்கும், அதை எழுதி வையுங்கள். ஆய்வு முடிவு பிழை என்றால் தீர்மானக் கடிதம் கேட்டு வாங்கி, 15 நாட்களுக்குள் உரிமம் மேன்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

இதற்கிடையே நகரசபையின் அபிவிருத்திப் பொறியியல் பிரிவுக்கு எழுத்தில் முறையிடுங்கள். காணிகளைப் பிரித்த டெவலப்பரோடு நகரசபை செய்த ஒப்பந்தத்தின்படி பிணைப்பணம் அவர்களிடம் இருக்கும். வீதிகளையும் வடிகாலையும் நகரசபை முறைப்படி பொறுப்பேற்கும்வரை அதில் ஒரு பகுதியாவது கையில்தான் இருக்கும். "எங்கள் பகுதியைப் பொறுப்பேற்றுவிட்டீர்களா? கிரேடிங் பிணை இன்னும் இருக்கிறதா?" என்ற இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். பொறுப்பேற்காத நிலையில் போகும் முறைப்பாட்டுக்கு எடை அதிகம். அனுமதித்த வரைபடமும் சான்றிதழ் அளவுகளும் கேட்டுத் தராவிட்டால், 5 டொலர் கட்டணத்தோடு தகவல் அறியும் விண்ணப்பம் போடலாம்.

பக்கத்து வீட்டுக்காரர் விடயம் வேறு. இயற்கையாக வழியும் மழைநீருக்கு மேல்காணிக்காரர் பொறுப்பில்லை, அதைத் தடுக்கக் கீழ்க்காணிக்காரருக்கு உரிமையும் உண்டு என்பது ஒன்ராறியோவின் பொதுவிதி. அந்த விதி மட்டும் இருந்தால் உங்கள் கை பலவீனம்தான். ஆனால் புதிய குடியிருப்புகளில் ஸ்வேலை மாற்றக்கூடாது என்ற கட்டுப்பாடு இருவரின் காணி உறுதியிலும் பெரும்பாலும் பதிவாகியிருக்கும். நகரசபையின் துணைவிதியும் இருக்கலாம். முதலில் பதிவை எடுத்துப் பாருங்கள், பிறகு மரியாதையாக ஒரு கடிதம், பிறகு நகரசபை. வழக்குத்தான் வழி என்றால், 2025 ஒக்டோபர் 1 முதல் சிறு கோரிக்கை நீதிமன்றத்தின் எல்லை 50,000 டொலர். குறையை அறிந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும்.

சொந்தமாக ஒரு நில அளவையாளரைக் கொண்டு மட்டம் எடுப்பதானால் இந்த மாதமே எடுங்கள். நிலம் உறைந்தால் மண் வீங்கி மேலே வந்து பள்ளத்தின் உண்மை ஆழம் மறைந்துவிடும். பிறகு உறைவு விடும்வரை, ஏப்ரல் கடைசிவரை காத்திருக்க வேண்டும். உங்கள் படிவத் திகதியோ அதற்கு முன்பே போய்விடும்.