வாசகர் கேள்வி – எங்கள் பதில்: காகிதத்தில் பிறந்த காதலன்

கேள்வி: உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு ஓர் ஆங்கில மாயாஜாலத் தொடரை, மூன்று பாகத்தையும் பத்து நாளில் வாசித்து முடித்தேன். கடைசிப் பாகத்தில் இளவரசன் செத்துப்போகிறான். மூன்று கிழமையாகிறது. சோறு இறங்குதில்லை. வேறு புத்தகம் எடுத்தால் பத்துப் பக்கம் தாண்டுதில்லை. இல்லாத ஒருவனுக்கு அழுகிறாய் என்று அக்கா சிரிக்கிறா. எனக்கு விசரா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: விசர் இல்லை. இதற்குப் பெயரே இருக்கிறது. வானொலி, தொலைக்காட்சியில் வருகிறவர்களோடு பார்ப்பவர்கள் வளர்த்துக்கொள்ளும் ஒருபக்க உறவை 1956 இல் டொனால்ட் ஹோர்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ‘பராசோஷல்’ என்றார்கள். பிற்பாடு அந்தச் சொல் கதாபாத்திரங்களுக்கும் வந்தது. உறவு ஒருபக்கம் என்பதால் பிரிவு வலிக்காது என்று யாரும் சொல்லவில்லை. அக்காவிடம் இதைச் சொல்லுங்கள்.

இந்த வகை நாவல் ஏன் இப்படி ஆளை விழுங்குகிறது? பெரும்பாலும் கதையைச் சொல்வது நாயகியின் ‘நான்’. அதுவும் பல தொடர்களில் ‘வந்தான்’ அல்ல, ‘வருகிறான்’. அவளுக்குத் தெரியாதது உங்களுக்கும் தெரியாது. அவன் மனசு பூட்டியே இருக்கும். ஒரு மாதிரிக்கு:

‘அவன் என் கையில் கட்டுப் போடுகிறான். முகத்தைப் பார்க்கவில்லை. போட்ட முடிச்சை அவிழ்த்து, கொஞ்சம் இளக்கி, திரும்பக் கட்டுகிறான்.’

எழுதியிருப்பது இவ்வளவுதான். வலிக்குமே என்று பதறினான், இவளில் உயிரையே வைத்திருக்கிறான் என்பதெல்லாம் வாசிக்கிறவர் போட்டது. எழுத்தாளர் அந்த இடத்தை வேண்டுமென்றே காலியாக விடுகிறார். அதனால் இளவரசனில் பாதி அவருடையது, மீதி உங்களுடையது.

இனிச் செய்ய வேண்டியது. ஒரு கொப்பி எடுங்கள். அவன் வரும் மூன்று அத்தியாயங்களைத் திரும்ப வாசியுங்கள். இடப்பக்கத்தில் அவன் உண்மையில் சொன்னது, செய்தது மட்டும், பக்க எண்ணோடு. வலப்பக்கத்தில் அவனைப் பற்றி நீங்கள் நம்புவது. மூன்றாவது அத்தியாயத்துக்கு வரும்போது வலப்பக்கம் நீண்டுபோயிருக்கும். அந்தப் பக்கத்தைக் கடைசிப் பாகத்தால் கொல்ல முடியாது. சாவு அத்தியாயத்தில் மட்டும் தொடங்காதீர்கள். பலர் அங்கேதான் தொடங்கி, அழுது, கொப்பியை மூடிவிடுகிறார்கள். அவன் முதன்முதல் நுழையும் இடத்தில் தொடங்குங்கள்.

அடுத்த புத்தகம் ஏன் ஓடவில்லை என்றால், அதே வகையில் இன்னொரு தடித்த தொடரை எடுத்திருப்பீர்கள். புது நாயகன் பழையவனோடு ஒப்பிடப்பட்டே தோற்றுப்போவான். ஒரு மாதத்துக்குச் சிறுகதை வாசியுங்கள், நாளுக்கு ஒன்று, பதினைந்து பக்கத்துக்குள், படர்க்கையில் சொல்லப்பட்டது. இரசிகர்கள் வெட்டி ஒட்டிய சாவுக் காட்சி வீடியோக்களை இரவில் பார்க்கும் பழக்கம் இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள். புண்ணைச் சொறிகிற வேலை அது.

இன்னொன்று. பரீட்சையும் அதற்குச் சற்று முன்தான் முடிந்திருக்கிறது. இரண்டு வருசமாக நாளை இழுத்துக்கொண்டு போன ரியூசன், கொப்பி, நேரசூசி எல்லாம் ஒரே நாளில் நின்றுபோனால் வரும் வெறுமையையும் இளவரசனின் கணக்கில் எழுதியிருக்கிறீர்களோ என்று பாருங்கள். சாப்பாடு மூன்று கிழமையாகக் குழம்பியிருக்கிறது என்றால் கொப்பியோடு நிற்க வேண்டாம். குடும்ப வைத்தியரிடம் ஒருக்கால் காட்டுங்கள். 1926 என்ற இலங்கையின் தேசிய மனநல உதவி எண்ணுக்கும் எடுக்கலாம். அங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள்.

கேள்வி: மகளுக்கு 14 வயது. போர்வைக்குள் டோர்ச் அடித்து இரவு ஒரு மணிவரை வாசிக்கிறாள். கதையில் வரும் ஒரு பெடியனின் படத்தைத் தானே வரைந்து மேசையில் ஒட்டியிருக்கிறாள். புத்தகத்தைப் பறிக்கட்டுமா?
– தாய், கொட்டாஞ்சேனை

பதில்: பறித்தால் கைத்தொலைபேசியில் வாசிப்பாள், உங்களுக்குத் தெரியவும் வராது. முதலில் அது என்ன புத்தகம் என்று பாருங்கள். ‘யங் அடல்ட்’ என்பது பொதுவாக 12 முதல் 18 வயது வரையானவர்களுக்கு. 2009 இல் அமெரிக்காவின் சென் மார்ட்டின்ஸ் பதிப்பகம் ‘நியூ அடல்ட்’ என்ற சொல்லைக் கொண்டுவந்தது. அதில் நாயகிக்கு 18 க்கு மேல், படுக்கையறையும் திறந்தே இருக்கும். வில்லங்கம் என்னவென்றால் இரண்டுக்கும் அட்டை ஒரே மாதிரி: வாள், கிரீடம், முட்செடி. கடைத் தட்டிலும் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான்.

பின்னட்டையில் பட்டைக்குறிக்குக் கிட்ட சில பதிப்பகங்கள் வகையை அச்சிடும். கெட்டி அட்டைப் பதிப்பில் உள்மடிப்பின் மூலையில் வயது இருக்கலாம். இரண்டும் இல்லாவிட்டால் புத்தகத்தை மூன்றில் இரண்டு பங்கில் திறந்து இருபது பக்கம் வாசியுங்கள். காதல் காட்சி அனேகமாக அந்த வட்டாரத்தில்தான் வரும். தொடர் என்றால் முதற்பாகத்தைப் பார்த்து நிம்மதியடைய வேண்டாம். பாகம் ஏற ஏற நாயகிக்கும் வயது ஏறும், காட்சிகளும் ஏறும். கடைசிப் பாகத்தைப் பாருங்கள்.

‘யார் இந்தப் பெடியன்?’ என்று கேட்டால் கதவு சாத்தப்படும். ‘அவன் செய்ததில எது உனக்குப் பிடிக்கேல்ல?’ என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குப் பயப்படத் தேவையில்லை. சில கதைகளில் நாயகன் அவளுக்குத் தெரியாமல் பின்தொடர்வான், தூங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பான், அவளுக்கும் சேர்த்து முடிவெடுப்பான், எல்லாம் காதல் என்ற பெயரில். ‘இதையே ரியூசன் வாசலில நிக்கிற ஒருத்தன் செய்தா?’ என்று ஒரு கேள்வி போதும். அதற்குமேல் விரிவுரை வேண்டாம்.

நித்திரை விசயத்தில், ‘இந்த அத்தியாயம் முடிய லைட்டை நிப்பாட்டு’ என்று சொல்லாதீர்கள். அத்தியாயம் முடிகிற இடத்தில்தான் கதவு தட்டப்படும், அம்பு பாயும். அத்தியாயத்தின் நடுவில் நிறுத்தச் சொல்லுங்கள். அங்கே நிறுத்துவது இலேசு.

கேள்வி: எனக்கு 29. இன்னும் இந்தப் புத்தகங்கள்தான் வாசிக்கிறேன். வெட்கப்பட வேண்டுமா?
– வாசகி, தெஹிவளை

பதில்: 2012 இல் அமெரிக்காவின் பௌக்கர் என்ற புத்தகத் தரவு நிறுவனம் எடுத்த கணக்கில் ‘யங் அடல்ட்’ புத்தகங்களை வாங்குகிறவர்களில் 55 வீதமானோர் 18 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள். வெட்கம் வேண்டாம். வருகிற மாப்பிள்ளைகளை அந்த நாயகனோடு மட்டும் ஒப்பிடாதீர்கள். அவனுக்கு அலுவலகமும் இல்லை, கொழும்பின் காலி வீதி நெரிசலும் இல்லை.

கேள்வி: செத்த நாயகன் பிழைத்துக்கொள்வது போலத் தமிழில் இரசிகர் கதை எழுத ஆசை. சட்டப் பிரச்சினை வருமா? எங்கே தொடங்குவது?
– மாணவி, பம்பலப்பிட்டி

பதில்: இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆசிரியரின் வாழ்நாள் முழுக்கவும் அதன்பின் 70 ஆண்டுகளும் பதிப்புரிமை உண்டு. தழுவி எழுதும் உரிமையும் அதற்குள் அடக்கம். காசு வாங்காமல் எழுதுவதைப் பல எழுத்தாளர்கள் கண்டுகொள்வதில்லை. அது அவர்களின் பெருந்தன்மை, உங்கள் உரிமை அல்ல. விற்கக் கூடாது.

முதல் முயற்சிக்கு ஒரே காட்சி, 800 முதல் 1,200 சொல். மூலத்தில் தாண்டிப்போன ஓர் இரவை எடுங்கள். உயிர்ப்பிப்பது பிறகு. எடுத்த எடுப்பில் எழுப்பினால், எப்படி எழும்பினான் என்று விளக்குவதிலேயே கதை முடிந்துவிடும்.

நீங்கள் தலையை உடைக்கப்போகும் இடம் ‘யூ’. ஆங்கிலத்தில் எதிரிக்கும் காதலிக்கும் அது ஒன்றுதான். தமிழில் தேர்ந்தே ஆக வேண்டும். இலங்கைத் தமிழர் நமக்கோ ‘நீ’, ‘நீங்கள்’ இரண்டுக்கும் நடுவில் ‘நீர்’ இருக்கிறது. எதிரிகள் காதலர்களாகும் கதைக்கு இதைவிட நல்ல கருவி இல்லை. தொடக்கத்தில் சிறைக்கூடத்தில் ‘எழும்பு’ என்கிறான். பிறகு, காட்டில் ஒரு காலை, ‘எழும்பும், விடிஞ்சிட்டுது’ என்கிறான். அவ்வளவுதான், வாசகிக்கு விளங்கிவிடும். ‘அவன் குரலில் கனிவு தெரிந்தது’ என்று அடுத்த வரி எழுதினீர்களோ, கெடுத்தீர்கள். ‘எழும்பும்’ சொன்னவன் கோபத்தில் திரும்ப ‘எழும்பு’ என்றால் அது கன்னத்தில் அறை. இருவரும் முழுதாக நெருங்கிய பிறகு வரும் ‘நீ’ வேறு ‘நீ’. ஒன்று மட்டும் கவனம்: தமிழ்நாட்டு வாசகர் பலருக்கு ‘நீர்’ அரச நாடக வசனம் போலக் கேட்கும். உங்கள் வாசகர் யார் என்று முதலில் தீர்மானியுங்கள். உரையாடல் பேச்சில் இருக்கட்டும், விவரிப்பையும் பேச்சில் எழுதினால் இந்த ஏற்ற இறக்கம் காதில் விழாது.

கேள்வி: புதிய பிரதிகளின் விலை கட்டுப்படியாகவில்லை. மலிவாக எங்கே?
– வாசகர், மட்டக்குளி

பதில்: கொழும்பில் மருதானைப் பக்கம், டி. ஆர். விஜேவர்தன மாவத்தையின் பழைய புத்தகக் கடைகள். அல்லது புத்தகக் கண்காட்சிக் காலம். பழையதில் கவனிக்க வேண்டியது பாக எண். பல தொடர்களில் முதுகில் அது இருக்காது, முன்பக்கங்களில் ‘இதே ஆசிரியரின்’ பட்டியலில் வரிசை இருக்கும். சில தலைப்புகள் பிரித்தானியாவில் ஒரு பெயரிலும் அமெரிக்காவில் இன்னொரு பெயரிலும் வந்திருக்கின்றன. ஒரே கதையை இருமுறை வாங்காதீர்கள். எழுத்து மங்கி, ஓரம் சாய்ந்து வெட்டியிருந்தால் களவாக அச்சடித்த பிரதி. பக்க எண்களைக் கடைசிவரை புரட்டிவிட்டுக் காசு கொடுங்கள். விழுந்துபோவது அனேகமாகக் கடைசி அத்தியாயம்தான்.